உயர்வரிசை மொழிகளின் செயல்பாட்டுப் பொருண்மை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயற்கூறையே (function) செயலுருபாகக் (argument) கொடுக்கவும் விடையாகத் திருப்பித் தரவும் இடம்தரும் உயர்வரிசை நிரல்மொழிக்கு, நிரல் எப்படி இயங்கும் என்று சொல்லும் விதிகளை (செயல்பாட்டுப் பொருண்மை) எழுதிவிட்டு, எண்களை வைத்து மட்டும் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். செயற்கூறு மதிப்பாகக் கைமாறும்போதுதான் பிழை வெளியே வரும்.

அதிகம் பேர் சறுக்குவது பதிலீட்டில், அதாவது உடலில் மாறி இருக்கும் இடத்தில் கொடுத்த கோவையை வைப்பதில். (லாம்டா க. உடல்) என்பது க-வை வாங்கி உடலைக் கணித்துத் தரும் செயற்கூறு. (லாம்டா க. லாம்டா ச. க) என்பதற்கு ச என்ற கட்டற்ற மாறியை (எந்த லாம்டாவும் அறிவிக்காத மாறியை) கொடுங்கள். க இருந்த இடத்தில் ச-வை அப்படியே போட்டால் (லாம்டா ச. ச) கிடைக்கும். எதைக் கொடுத்தாலும் வெளியே உள்ள ச-வைத் தர வேண்டிய செயற்கூறு, இப்போது கொடுத்ததையே திருப்பித் தருகிறது. உள்ளே லாம்டாவால் கட்டுண்ட ச-வை முதலில் ட என்று மாற்றிவிட்டுப் பதிலிட்டால் (லாம்டா ட. ச) வரும், அதுதான் சரி. புதுப் பெயர், உடலிலும் பதிலிடும் கோவையிலும் கட்டற்று வராததாக இருக்க வேண்டும். கணிதவியலாளர் டி ப்ரெய்ன் 1972-இல் தந்த எண்முறையில் பெயரே கிடையாது; மாறியை அறிவித்த லாம்டா எத்தனை லாம்டா தள்ளி வெளியே இருக்கிறது என்ற எண்ணே மாறியைக் குறிக்கும். ஆனால் பதிலிடும் கோவை ஒரு லாம்டாவைத் தாண்டி உள்ளே போகும்போது அதன் கட்டற்ற எண்களை ஒன்று கூட்ட மறந்தால் இதே பிழை வேறு உருவில் வரும். கட்டற்ற மாறி இல்லாத நிரலை, லாம்டாவின் உடலுக்குள் நுழையாமல் இயக்கும்வரை எளிய பதிலீடே போதும். உடலுக்குள்ளும் சுருக்கத் (கணித்து எளிமையாக்கத்) தொடங்கும் நாளில் அது உடையும்.

பதிலீட்டுக்கு மாற்றாகச் சூழலை (எந்த மாறிக்கு என்ன மதிப்பு என்ற பட்டியலை) வைத்து இன்டர்பிரெட்டர் (நிரலை நேரடியாக இயக்கும் மென்பொருள்) எழுதுபவர்கள் வேறிடத்தில் தவறுகிறார்கள். க-வுக்கு 1 தந்து, (லாம்டா ச. க + ச) என்பதை ப என்று வையுங்கள். பிறகு உள்வட்டத்தில் வேறொரு க-வை 10 என்று அறிவித்து ப(5) அழைத்தால் விடை 6. 15 வந்தால், உடலை அழைத்த இடத்தின் சூழலில் இயக்கிவிட்டீர்கள். செயற்கூறோடு அது பிறந்த இடத்தின் சூழலையும் சேர்த்து ஒரே பொதியாக, அதாவது குளோஷராக, சேமிக்க வேண்டும். தொடக்ககால லிஸ்ப் மொழி 15 தரும் வழியில் நடந்தது. 1975-இல் வந்த ஸ்கீம் மொழி 6 தரும் வழியைப் பிடித்தது.

மதிப்பு (இனிக் கணிக்க எதுவும் இல்லாத விடை) எது, செயலுருபை எப்போது கணிப்பது என்பதை விதியிலேயே எழுதிவிடுங்கள். முடிவில்லாமல் ஓடும் கோவையை ஓ என்போம். (லாம்டா க. 3) ஓ என்பது பெயரால் அழைத்தால் (செயலுருபைக் கணிக்காமலே உடலில் வைத்தால்) 3, மதிப்பால் அழைத்தால் (முதலில் கணித்துவிட்டு வைத்தால்) முடியாது. இரண்டுக்கும் தனித்தனிக் கணிதம் (சமன்பாட்டு விதித்தொகுதி) தேவை என்று கணினியியலாளர் பிளாட்கின் 1975-இலேயே காட்டினார். (லாம்டா க. ஓ க) என்பதை ஓ என்று சுருக்குவதும் மதிப்பால் அழைக்கும் மொழியில் தவறு: முன்னது மதிப்பு, பின்னது நிற்காத ஓட்டம்.

நிரலையும் அதன் இறுதி விடையையும் நேரடியாக இணைக்கும் பெரும்படி விதிகளை மட்டும் வைத்து, வகைப் பாதுகாப்பை (வகைச் சோதனையில் தேறிய நிரல் நடுவில் சிக்காது என்பதை) நிறுவ வேண்டாம். பொருந்தும் விதி இன்றிச் சிக்கி நிற்கும் நிரலுக்கும் முடிவில்லாமல் ஓடும் நிரலுக்கும் அங்கே விடைக்கு இட்டுச்செல்லும் வருவிப்பு இல்லாததால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இயக்கத்தை ஒவ்வொரு படியாகச் சொல்லும் சிறுபடி விதிகளில் இரண்டும் பிரிந்துவிடும்.

கடைசியாக, சமானம். இரு செயற்கூறுகள் சமம் என்றால், எந்த நிரலின் நடுவில் ஒன்றுக்குப் பதில் மற்றதை வைத்தாலும் முடிவு மாறக்கூடாது. எல்லா நிரலையும் சோதிக்க முடியாது என்பதால், ஒரே செயலுருபைக் கொடுத்து விடைகளை ஒப்பிட்டுக்கொண்டே போகும் முறையை கணினியியலாளர் அப்ராம்ஸ்கி 1990-இல் தந்தார். நினைவகத்தை மாற்றாத தூய லாம்டா மொழியில் அது நன்றாக வேலை செய்கிறது. மாற்றத்தக்க நினைவகம் சேர்ந்ததும் அப்படியே எடுத்தாள முடியாது. முதல் அழைப்பில் 0-வும் அடுத்த அழைப்பிலிருந்து 1-உம் தரும் செயற்கூறை, எப்போதும் 0 தருவதோடு ஒரே ஒரு முறை அழைத்து ஒப்பிட்டால் இரண்டும் சமம் என்று வந்துவிடும். அழைப்புக்குப் பின் நினைவகம் இருக்கும் நிலையையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.