ஊர் ஆஸ்பத்திரியின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி: மானிப்பாயை வைத்து ஒரு வழிகாட்டல்

முதலில் ஆண்டுகளைப் பிரித்து எழுதுங்கள். வைத்தியர் ஊருக்கு வந்தது, மருந்து கொடுக்கத் தொடங்கியது, கட்டடத்துக்கு அடிக்கல் வைத்தது, இன்றைய பெயர் வந்தது எல்லாம் தனித்தனி நாட்கள். விழா மலர்கள் இவற்றை ஒன்றாக்கிவிடும். அடுத்த மலர் அதையே பார்த்து எழுதும்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் உள்ள கிறீன் நினைவு ஆஸ்பத்திரியைப் பாருங்கள். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தது 1847இல். மானிப்பாய்க்கு மாறியது அடுத்த ஆண்டு. 1857இல் நாடு திரும்பி, 1862இல் மீண்டும் வந்து, 1873இல் ஒரேயடியாகப் புறப்பட்டார். ஆகவே 1860இல் அவர் மானிப்பாயில் வைத்தியம் பார்த்ததாக ஒரு குறிப்புக் கிடைத்தால் அதை ஒதுக்கி வையுங்கள். ஆள் இருந்த காலத்தை இப்படி ஒரே தாளில் கோடு போட்டு வைத்தால் பாதிப் பிழை அப்போதே பிடிபடும்.

தேடும்போது இன்றைய பெயரை நம்ப வேண்டாம். ‘கிறீன் நினைவு’ என்று தேடினால் கிறீன் காலத்து ஆவணம் எதுவும் அகப்படாது. அமெரிக்க இலங்கை மிஷன் என்றும், 1947க்குப் பிந்தியவற்றுக்குத் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம் என்றும் தேடுங்கள். ஊர்ப்பெயரும் மாறும்: மிஷன் கடிதங்களில் வட்டுக்கோட்டை ‘பட்டிக்கோட்டா’, தெல்லிப்பழை ‘தில்லிப்பள்ளி’. அந்த மிஷனை அனுப்பிய சங்கத்தின் கடிதங்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்தில் இருக்கின்றன. 1841இல் தொடங்கிய மிஷன் பத்திரிகையான ‘உதயதாரகை’யையும் விடாதீர்கள். யாழ் நூலகம் 1981இல் எரிந்ததால் ஊருக்குள் பழைய பத்திரிகை தேடுவது கடினம். ‘நூலகம்’ என்ற பெயரில் உள்ள எண்ணிம நூலக இணையத்தளம், கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களம் என்று போங்கள். கட்டடம் எப்போது யாருடைய காணியில் எழுந்தது என்பதற்கு மலரைவிடக் காணி உறுதிப் பத்திரமே மேல்.

பதிவேடுகளைத் தொடும்போது கையைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டால் போதும். கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாமல் கிழியும். முதுகு விட்டுப்போன கொப்பியை முழுதாக விரிக்காமல், இரு பக்கமும் துணி மடித்து முட்டுக் கொடுங்கள். பிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்தில், கமெராவை நேர் மேலே பிடித்து எடுங்கள். கோப்புப் பெயரில் ஆண்டும் பக்க எண்ணும் இருக்கட்டும். நோயாளிகளின் பெயரையோ நோயையோ வெளியிடாதீர்கள். மாதவாரியான எண்ணிக்கையே வரலாற்றுக்குப் போதும். அடிக்கல்லில் சுண்ணாம்பு தடவி எழுத்தை வாசிக்கும் பழக்கம் கல்லைக் கெடுக்கும். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படமெடுத்தால் தேய்ந்த எழுத்தும் எழும்பித் தெரியும்.

பழைய தாதிமார், மருந்து கலந்தவர், சமையலாட்கள் ஆகியோரிடம் ஆண்டைக் கேட்காதீர்கள், ஆளுக்கொன்று சொல்வார்கள். ‘1995 ஒக்டோபர் வலிகாமம் இடப்பெயர்வுக்கு முன்னா, பின்னா?’, ‘அப்போது பெரிய வைத்தியர் யார்?’ என்று, போரில் ஊரே வெளியேறியது போன்ற மறக்காத நிகழ்வை வைத்துக் கேளுங்கள். பதிவேட்டில் இடைவெளி விழுந்திருந்தால் அந்த மாதங்களைப் பற்றியே அதிகம் விசாரியுங்கள்: பெட்டிகள் எங்கே போயின, யார் தூக்கிப் போனார், எது திரும்பி வந்தது. இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னதைக் கட்டுரைக்குள்ளேயே எழுதுங்கள். ஒருவர் மட்டும் சொன்னது அடிக்குறிப்புக்குப் போகட்டும்.