குடிநோய்: மீன்பிடித் தடைக்காலத்திலேயே சிகிச்சையைத் தொடங்குங்கள்

குடிப்பவர் எல்லாரும் குடிநோயாளி அல்லர். அடக்க முடியாத வேட்கை, தொடங்கினால் நிறுத்த இயலாமை, நிறுத்தினால் உடல் தொந்தரவு, போதைக்கு முன்பைவிடக் கூடுதல் அளவு தேவைப்படுதல், தொழிலையும் வீட்டையும் ஒதுக்குதல், கேடு தெரிந்தும் தொடர்தல் ஆகிய ஆறில் மூன்று ஓராண்டுக்குள் சேர்ந்து தென்பட்டால் அது குடிநோய் என்று உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாடு கூறுகிறது.

நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்துவதே பெரிய ஆபத்து. சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் இல்லாதவை கண்ணில் தெரிந்து, ஆள் இடம் தெரியாமல் பிதற்றும் நிலை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். பாம்பனிலோ மண்டபத்திலோ இருந்து கடலுக்குப் போன ஒருவருக்கு நடுக்கடலில் வலிப்பு வந்தால், கரை சேரும்வரை மருத்துவ உதவிக்கு வழியில்லை. கோயிலில் கயிறு கட்டி அன்றே குடியை விடுபவருக்கும் இதே ஆபத்து உண்டு. நேர்த்திக்கடனைத் தடுக்க வேண்டியதில்லை. கயிறு கட்டும் நாளுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள்களும் சிகிச்சைக்கு நல்ல வாய்ப்பு. கையில் வேலையில்லாத அந்த நாள்களில் குடி கூடக்கூடும் என்பதால், தடைக்காலத்தின் முதல் வாரத்திலேயே தொடங்குவது நல்லது. இந்தத் தடை பொருந்தாத நாட்டுப்படகுக்காரர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் ஆலோசனை பெறலாம். வலிப்போ பிதற்றலோ கண்டால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஒரு நாளில் குடிக்கும் அளவையும் கடைசியாகக் குடித்த நேரத்தையும் மருத்துவரிடம் குறைக்காமல் சொல்வது மிக முக்கியம், ஏனெனில் நடுக்கத்தைத் தணிக்கும் மாத்திரையின் அளவு அதைப் பொறுத்தே அமையும். மூளையைக் காக்க தயாமின் என்னும் பி1 சத்தும் தருவார்கள். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கித் தாமே சமாளிப்பது கூடாது.

நடுக்கம் நிற்பது தொடக்கம் மட்டுமே. வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் ஆலோசனையும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். குடியை விடத் தரப்படும் இன்னொரு மருந்தான டைசல்ஃபிராமை உட்கொண்டவர் குடித்தால் வாந்தியும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் ஏற்படும். ஆகவே "அவருக்கே தெரியாமல் குழம்பில் கலந்து கொடுங்கள்" என்று விற்கப்படும், இத்தகைய மருந்து கலந்திருக்கக்கூடிய பொடிகளை வீட்டில் சேர்க்காதீர்கள்.

தனியார் மீட்பு மையமானால் உரிமத்தையும் மருத்துவர் வருகையையும் விசாரியுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டதை இம்மாவட்டம் அறியும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. கட்டிவைப்பதும் அடிப்பதும் நடக்கும் இடம் மருத்துவமனை ஆகாது.

தடைக்காலம் முடிந்து மீண்டும் கடலுக்குப் போகும்போது மாத்திரைகளைப் படகிலேயே வைத்துக்கொள்ளவும், தொழிலுக்குப் போகாத நாளில் மறுபரிசோதனையை அமைத்துக்கொள்ளவும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். இடையில் குடித்துவிட்டால், மறைக்காமல் அதே மருத்துவரிடம் திரும்பச் செல்லுங்கள்.