கிராம சபையில் மூன்று நிமிடம் பேச, ஒரு பக்கம் மனு எழுத: புதியவர்களுக்கான செய்முறை

பேச்சையும் எழுத்தையும் வளர்த்துக்கொள்ள எங்கே ஆரம்பிப்பது என்று யாராவது கேட்டால், கிராம சபைக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு முறை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் உறுப்பினர்தான், யாரும் வந்து அழைக்க வேண்டியதில்லை. எழுந்து பேசவும் வேண்டும், பேசியதை மனுவாகக் கொடுக்கவும் வேண்டும். சொன்னது எடுபட்டதா இல்லையா என்பது அங்கேயே, முகத்துக்கு நேரே தெரிந்துவிடும்.

எங்கள் தெருத் தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்மானத்தில் ஏற்றியது கீழே உள்ள முறையில்தான். பலரும் முதலில் எழுதி, அதை மனப்பாடம் செய்து, பிறகு போய் ஒப்பிப்பார்கள். நான் சொல்வது தலைகீழ்: முதலில் பேச்சு, அதிலிருந்து எழுத்து, அதிலிருந்து மறுபடி பேச்சு.

படி 1: பேசிப் பதிவு செய்யுங்கள்

செல்போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, வீட்டில் யாரிடமாவது புலம்புவதுபோல் பிரச்சினையைச் சொல்லுங்கள். திருத்த வேண்டாம், நிறுத்த வேண்டாம். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே குரல் செய்தி அனுப்பிக்கொண்டாலும் சரி.

அப்புறம் அதைக் கேட்டுக் கேட்டுக் கையால் எழுதுங்கள். செல்போனில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழ்க் குரல் தட்டச்சு இருக்கிறதே என்பீர்கள். அவசரத்துக்கு நல்லதுதான். ஆனால் நாம் எந்த இடத்தில் இழுக்கிறோம், எத்தனை முறை 'வந்து… வந்து…' என்கிறோம் என்பதெல்லாம் காதில் விழ வேண்டுமானால் பேனாதான் என் கட்சி.

படி 2: புலம்பலை மனுவாக்குவது

ஆள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பதிவு செய்ததை எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"எங்க தெருவுல தண்ணி ஒழுங்காவே வர்றதில்லைங்க, போன வாரம்கூட வரல, கேட்டா மோட்டார்ங்கறாங்க, வால்வுங்கறாங்க, எத்தனை தடவ சொல்றது, அப்புறம் அந்த லைட்டும் எரியல."

இதில் கோபம் இருக்கிறது, தகவல் இல்லை. ஒரு பேனாவை எடுத்து நான்கு விஷயங்களைத் தேடி அடிக்கோடு போடுங்கள்: எந்த இடம், எப்போதிலிருந்து, என்ன காரணம், என்ன வேண்டும். மேலே உள்ளதில் எதற்குமே சரியாகக் கோடு போட முடியாது. 'ஒழுங்கா வர்றதில்லை' என்றால் அலுவலர் என்ன எழுதிக்கொள்வார்? வாரம் ஒரு நாளா, தினம் பத்து நிமிடமா?

ஆக, எழுதுவதற்கு முன் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். தண்ணீர் வந்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் தினசரி காலண்டர் தாளிலேயே குறித்து, கிழித்ததை எறியாமல் ஒரு கிளிப்பில் சேர்த்து வையுங்கள். டேங்க் ஆபரேட்டரிடம் போய், "அண்ணே, எங்க தெருவுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று சாவகாசமாகக் கேளுங்கள். தெருவைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அதன் பிறகு எழுதினால் அதே புலம்பல் இப்படி மாறும்:

"தெற்குத் தெருவில் உள்ள 42 வீடுகளுக்குக் கடந்த மாதம் 11 நாட்கள் மட்டுமே குடிநீர் வந்தது. தெரு முனையில் உள்ள கேட் வால்வு முழுவதும் திறப்பதில்லை என்று தொட்டி இயக்குபவர் தெரிவித்தார். அந்த வால்வை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

மூன்றே வாக்கியம். தெருவிளக்கு எங்கே போயிற்று என்றால், அது வேறு மனு. ஒரு தாளில் இரண்டு குறையை எழுதினால் சுலபமானதைச் செய்துவிட்டு 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று பதில் வந்துவிடும்.

வாக்கிய நீளத்துக்கு ஒரே சோதனைதான். வாய்விட்டுப் படியுங்கள். வினைமுற்று வருவதற்குள் மூச்சு வாங்கினால் நடுவில் உடையுங்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால், 'வந்து', 'கேட்டு', 'சொல்லி' என்று கோத்துக்கொண்டே போனால், யார் என்ன செய்தார் என்று தெரிவதற்குள் படிப்பவர் தாளின் பாதிக்கு வந்திருப்பார்.

படிவம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு, இடம், நாள். 'பொருள்' வரிக்கு மட்டும் நேரம் செலவழியுங்கள். 'குடிநீர் தொடர்பாக' என்று போட்டால் கட்டோடு கட்டாகப் போய்விடும். 'தெற்குத் தெரு கேட் வால்வை மாற்றக் கோருதல்' என்றால் மேலே படிக்காமலே வேலை புரிகிறது. 'மிகவும் தாழ்மையுடன் பணிந்து' எல்லாம் தேவையில்லை. நாம் கேட்பது சலுகை இல்லை.

ஒற்றுப்பிழைக்குப் பயந்து எழுதாமல் இருப்பவர்கள் நிறைய. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பின்னும், 'ஐ', 'கு' உருபுகளுக்குப் பின்னும் க, ச, த, ப வரிசை எழுத்து வந்தால் ஒற்று மிகும்: அந்தத் தெரு, வால்வைத் திறந்து, வீட்டுக்குப் போனேன். 'வந்த தண்ணீர்', 'உடைந்த குழாய்' போன்ற பெயரெச்சத்தில் மிகாது. இவ்வளவு தெரிந்தால் மனுவுக்குப் போதும். சந்தேகம் வந்தால் இணையத்தில் 'நாவி' என்ற சந்திப்பிழை திருத்தியில் ஒட்டிப் பாருங்கள். அது சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்காமல், ஒருமுறை படித்துப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: மறுபடி பேச்சுக்கு

மனுவைக் கையில் வைத்துப் படிக்காதீர்கள். எழுத்துத் தமிழை அப்படியே சபையில் வாசித்தால் பின்வரிசையில் பேச்சு ஆரம்பித்துவிடும். ஒரு துண்டுச் சீட்டில் '42 வீடு, 11 நாள், வால்வு, தீர்மானம்' என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் மனதில் ஏற்றுங்கள். நடுவில் உள்ளது உங்கள் வாய்மொழியில் வரட்டும்.

முதல் வரி: "வணக்கங்க. நான் தெற்குத் தெரு. தண்ணி விஷயமா ஒண்ணு சொல்லணும்." போதும். தலைவர் அவர்களே, பற்றாளர் அவர்களே, இங்கே குழுமியிருக்கும் பெரியோர்களே என்று ஆரம்பித்தால் கிடைத்த நேரம் அதிலேயே போய்விடும்.

கடைசி வரி: "இதைத் தீர்மானமா எழுதிக்குங்க, எழுதினதை ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க." இதை விட்டால் பேசியது காற்றோடு போயிற்று. சொல்லிவிட்டு மனுவை நீட்டுங்கள். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் போனவர்கள் சொன்ன சிக்கல்கள் சில.

கை நடுங்குகிறது என்றார் ஒருவர். துண்டுச் சீட்டு ஆடுவது கண்ணில் பட்டால் நடுக்கம் இன்னும் கூடும். சீட்டைத் தடித்த அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள், அல்லது நோட்டின் மேல் வைத்துப் பிடியுங்கள்.

பாதியில் ஒருவர் குறுக்கிட்டு, "போன ஆட்சியில…" என்று அரசியலை இழுத்துவிட்டாராம். பதில் சொல்லப் போனால் உங்கள் மூன்று நிமிடம் அவருடையதாகிவிடும். "அதையும் பேசலாம்ணே, முதல்ல வால்வை முடிச்சுடறேன்" என்று விட்ட எண்ணிலிருந்து தொடருங்கள். சீட்டில் எண்களை எழுதச் சொன்னது இதற்கும்தான்.

ஏஐ செயலியில் மனு எழுதி வாங்கலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். வாங்கலாம், மொழி வழவழவென்று இருக்கும். ஆனால் 42 வீடும் 11 நாளும் அதற்குத் தெரியாது. அந்த எண்களை நீங்கள் சேகரித்துவிட்டீர்கள் என்றால் மூன்று வாக்கியம் எழுத எதற்குச் செயலி?

ஒரு அக்கா கேட்டது: பெண்கள் பக்கம் மைக்கே வருவதில்லை, என்ன செய்வது? அவர் தெருவில் நான்கு பேர் சேர்ந்து போய், ஒருவர் எழுந்ததும் மற்ற மூவரும் எழுந்து நின்றிருக்கிறார்கள். மைக் வந்ததாம். அந்த மூவரும் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

நகரத்தில் இருப்பவர்களுக்கு: உங்கள் வார்டில் பகுதி சபை நடந்தால் இதே முறை அங்கும் செல்லும். பெறுநர் மட்டும் மாறுவார். நடக்கவில்லை என்றால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் இருக்கிறது. அங்கே பேசக் கிடைப்பது அரை நிமிடம்தான், அதனால் 'பொருள்' வரியையே வாயால் சொல்லிவிட்டு மனுவைக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் கிளம்பாதீர்கள்.