உண்ணிக்காய்ச்சலுக்கு பிசிஆர்: எங்கே தவறுகிறது?

ஸ்க்ரப் டைஃபஸ் எனும் உண்ணிக்காய்ச்சலை உண்டாக்கும் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி, உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும் பாக்டீரியா. ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான பிளட் கல்ச்சரில் எத்தனை நாள் வைத்தாலும் வளராது. அதனால்தான் அதன் டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர். சுற்றுக்கு இரு மடங்காக 30 சுற்று ஓடினால், கணக்குப்படி ஒரே ஒரு துண்டு 100 கோடிக்கு மேல் பெருகிவிடும். ஆனால் அந்த ஒரு துண்டு குழாய்க்குள் வந்து சேர வேண்டுமே! கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

உடம்பைச் சரியாகப் பார்க்காமல் ரத்தத்தை மட்டும் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். உண்ணியின் இளம்புழு கடித்த இடத்தில் பலருக்குக் கறுப்புப் பொருக்கு தட்டிய புண் இருக்கும். சிகரெட்டால் சுட்டதுபோலத் தெரியும். பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது. "புண் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் நோயாளி இல்லை என்றுதான் சொல்வார், ஏனென்றால் அவரே பார்த்திருக்க மாட்டார். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், அரைஞாண் கயிறு கட்டும் இடம், காதுக்குப் பின்னால் என்று, திரை போட்டு, ஆடையை விலக்கித் தேட வேண்டும். அந்தப் பொருக்கில் கொஞ்சம் பெயர்த்து அனுப்பினால் போதும். ரத்தத்தில் இருப்பதைவிட அதில் கிருமியின் டிஎன்ஏ அதிகம். மருந்து தொடங்கிச் சில நாள் ஆன பிறகும் கிடைக்கும்.

புண் இல்லையா? சரி, ரத்தம்தான். அதைக் காய்ச்சலின் முதல் வாரத்திலேயே, மருந்தின் முதல் டோஸுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். இரண்டாம் வாரத்தில், கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் எலைசா சோதனைதான் கைகொடுக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ உள்ள ஊதா மூடிக் குழாய் சரி. பச்சை மூடிக் குழாயில் அதே வேலைக்காக இருக்கும் ஹெப்பாரின் பிசிஆரையே தடுத்துவிடும்.

இதுவரை சொன்னது, இருக்கும் கிருமி தப்பிப்போவது. ஆய்வகத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். இரண்டு கட்டமாகப் பெருக்கும் நெஸ்டட் பிசிஆரில் முதல் கட்டம் முடிந்து குழாயைத் திறக்கும்போது தெறிக்கும் நுண்துளி அடுத்தவர் மாதிரியில் கலந்தால், நோயே இல்லாதவருக்கும் பாசிட்டிவ். வெறும் தண்ணீர் வைத்த நெகட்டிவ் கன்ட்ரோலே பாசிட்டிவ் காட்டினால், அன்றைய ஓட்டம் மொத்தமும் செல்லாது. "இவருக்குத்தான் அறிகுறி இருக்கே" என்று ரிப்போர்ட் கொடுக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ரிசல்ட் வரட்டும் என்று இதற்கான மருந்தான டாக்சிசைக்ளினைத் தள்ளிப்போடுவது. இந்தக் காய்ச்சல் முற்றினால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்கும். சந்தேகம் வலுவாக இருந்தால் மாதிரி எடுத்த கையோடு மருந்தைத் தொடங்குவதுதான் முறை. ரத்தத்தில் நெகட்டிவ் வந்ததை மட்டும் வைத்து அதை நிறுத்துவதும் தவறு. அப்புறம், குணமானவருக்குக் கிருமி போய்விட்டதா என்று மறுபடியும் பிசிஆர் கேட்பவர்களும் உண்டு. செத்த கிருமியின் டிஎன்ஏவையும் அது பெருக்கிக் காட்டும் என்பதால் அந்தச் செலவு வீண்.