நாய் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: உண்ணி குடியிருப்பது சுவரில்

போன மாதம் எதிர்வீட்டுக்குக் குடிவந்த இளம் தம்பதியர் ஒரு லாப்ரடார் குட்டி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெண் வாசல்படியில் உட்கார்ந்து, குட்டியை மடியில் மல்லாத்திப் போட்டு, காது மடலைப் புரட்டிப் புரட்டி உண்ணி எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்த ஒவ்வொன்றையும் தரையில் போட்டுச் செருப்பால் தேய்த்தாள். இரண்டு மூன்று தப்பித்து, கதவு நிலையை நோக்கி ஊர்ந்து போயின.

"தினமும் இருபது முப்பது எடுக்கிறேன் அக்கா. மறுநாள் பார்த்தால் அதே அளவு இருக்கிறது. எங்கிருந்துதான் வருகிறதோ தெரியவில்லை" என்றாள்.

எனக்கு நெஞ்சை அடைத்தது. 2011இல் மதுரையில், இதே போன்றதொரு வாசல்படியில், இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். அதற்கு நான் கொடுத்த விலை என் நாய் ராணி.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும், அடிக்கக் கூடாது, ஆண்டுதோறும் ஊசி போட வேண்டும் என்பதெல்லாம் நாய் வளர்க்க முன்வந்த எல்லோருக்கும் தெரியும். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. நாயின் மேல் உயிரையே வைத்திருப்பவர்களும் செய்கிற சில தவறுகள் உண்டு. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

உண்ணியை நாயின் மேல் மட்டும் தேடுவது

நம் ஊர் வீட்டு நாய்களைப் பிடிப்பது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. அதன் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால். நாயின் மேல் ஏறிச் சில நாள் இரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். சுவர் விரிசலில் பதுங்கித் தோல் உரித்து எட்டுக்கால் இளம் உண்ணியாகும். மறுபடி ஏறும், குடிக்கும், இறங்கும், தோல் உரிக்கும். முழு உண்ணியாக மூன்றாவது முறை ஏறும். ஆக, நாயின் மேல் அது இருப்பது சாப்பாட்டு வேளையில் மட்டுமே. மற்ற நாளெல்லாம் அது நம் வீட்டில் குடியிருக்கிறது.

வயிறு நிறைந்த பெண் உண்ணி சாம்பல் நிறத்தில், கொட்டைமுத்து போல ஊதிப்போய்க் கீழே விழும். விழுந்ததும் மேல்நோக்கி ஏறி, இடுக்கு தேடி, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். தினமும் முப்பது உண்ணி எடுத்தால், வீட்டில் எத்தனை முப்பது காத்திருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ராணிக்கு நான் இந்தக் கணக்கைப் போடவில்லை. காதுக்குள், கால்விரல் இடுக்கில், அக்குளில், கழுத்துப்பட்டைக்கு அடியில் என்று அவள் உடம்பில் ஓர் அங்குலம் விடாமல் தேடுவேன். ஒரு மணி நேரம் எடுத்துவிட்டு, சுத்தமாகிவிட்டாள் என்று நிம்மதியாகப் படுப்பேன். உண்ணி கடித்துச் சில மணி நேரத்திலேயே நோய்க்கிருமி நாயின் இரத்தத்தில் இறங்கிவிடும் என்பது எனக்கு அன்று தெரியாது. இரவில் எடுப்பது காலையில் கடித்ததற்குப் பரிகாரம் ஆகாது.

ஒரு நாள் அவள் சோற்றில் பாதியை மிச்சம் வைத்தாள். வெயில் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் படியேறவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு, பலமுறை துவைத்து வெளுத்த துணியைப் போல இருந்தது. இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் பதினெட்டாயிரம். நல்ல நாய்க்குக் குறைந்தது ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். எர்லிக்கியா என்றார் மருத்துவர். நாம் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்கிற நோய்களில் அது ஒன்று. அதிலிருந்து ஒருமுறை மீண்டாள். இரண்டாம் முறை மீளவில்லை. அந்தக் கதை அடுத்த தலைப்பில் வருகிறது.

அவள் போய் ஐந்து மாதம் வீட்டில் நாயே இல்லை. பிறகு செம்பன் வந்தான், செம்மண் நிறத்தில் ஒரு நாட்டுக்குட்டி. கால்நடை மருத்துவரிடம் காட்டி, உடம்பில் ஓர் உண்ணிகூட இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் தூக்கி வந்தேன். எட்டாம் நாள் அவன் காதில் நான்கு உண்ணி. குட்டி வெளியே போகவில்லை. வேறு நாய் எதுவும் வரவில்லை. அன்று இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு டார்ச்சை எடுத்தேன். ராணி படுக்கும் மூலைக்கு மேலே சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கியது. அதைத் தூக்கினேன். ஆணி அடித்த இடத்தில் சிமெண்ட் பெயர்ந்து விரல்நுனி அளவுக்குக் குழி. அதற்குள் பழுப்பாக, தட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஏழெட்டு உண்ணிகள். டார்ச் வெளிச்சம் பட்டதும் முன்னங்கால்களைத் தூக்கி அசைத்தன. முழு உண்ணி இரத்தமில்லாமல் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ராணியின் இரத்தத்தைக் குடித்தவற்றின் வாரிசுகள், ஐந்து மாதம் என் வீட்டுச் சுவரில் காத்திருந்து என் அடுத்த குட்டியின் மேல் ஏறியிருக்கின்றன. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்?

முதலில் நாய்க்கு மருந்து. மாதம் ஒருமுறை கொடுப்பதும், ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பதுமாக மெல்லும் மாத்திரைகள் இன்று கிடைக்கின்றன. எடைக்கு ஏற்றதை மருத்துவர் சொல்ல வேண்டும்; வலிப்பு வந்த நாய் என்றால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாத்திரை போட்ட பிறகும் நாயின் மேல் உண்ணியைப் பார்த்துவிட்டு, "மருந்து வேலை செய்யவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். இதுதான் எனக்குப் பொறுக்காத இடம். அந்த மருந்து நாயின் இரத்தத்தில் இருக்கிறது. உண்ணி கடித்தால்தான் சாகும். சுவரில் பசியோடு காத்திருப்பவை ஒவ்வொன்றாக வந்து, ஏறி, கடித்து, சாக வேண்டும். அதற்குச் சில மாதம் ஆகும். ஒரு தவணைகூட இடைவெளி விடக் கூடாது. நடுவில் ஒரு மாதம் விட்டால், மிஞ்சியவை முட்டையிட அது போதும்.

இரண்டாவது, வீடு. இருட்டிய பிறகு டார்ச்சோடு தேடுங்கள். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே, ஜன்னல் ஓரம், காலண்டர், சுவிட்ச் பலகை, சோபாவின் அடித்தையல், திண்ணைக்கு அடியில். விரிசல்களைச் சிமெண்ட் பூசி அடையுங்கள். நாயின் படுக்கைத் துணியை வாரந்தோறும் கொதிநீரில் போடுங்கள். வீட்டுக்கு மருந்து அடிப்பதானால் நாயையும் குழந்தைகளையும் வெளியேற்றிவிட்டு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். ஒருமுறை அடித்தால் தீராது. முட்டைகள் பொரிந்து வரும். சில வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும்.

கையால் எடுக்கத்தான் வேண்டியிருக்கும். அப்போது இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். நசுக்காதீர்கள். உண்ணி வழியாக மனிதருக்கும் காய்ச்சல் வருவதுண்டு, அதன் உடம்பில் இருப்பது நம் விரல் வெட்டில் படக் கூடாது. மண்ணெண்ணெய் தடவாதீர்கள். தோல் வெந்துபோகும், நாய் நக்கவும் செய்யும். மாட்டுக்கு வாங்கிய மருந்தைக் குத்துமதிப்பாகக் கலந்து குளிப்பாட்டி, குட்டியை நடுங்க நடுங்க மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் பூனையும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நாய்க்குப் பூசும் சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

சாப்பிடத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்துவது

எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை வழக்கமாக 28 நாள். ராணி நான்காம் நாளே எழுந்து சாப்பிட்டாள். பத்தாம் நாள் வாசலில் ஆட்டோவைத் துரத்தினாள். மாத்திரை அவள் வயிற்றைப் புரட்டுகிறது என்று பதினோராம் நாள் நானாக நிறுத்திவிட்டேன். நான்கு மாதம் கழித்து ஒரு விடியற்காலை, சிவப்புச் சிமெண்ட் தரையில் ஏதோ ஈரமாக மின்னியது. தொட்ட பிறகுதான் இரத்தம் என்று தெரிந்தது. மூக்கிலிருந்து வடிந்துகொண்டிருந்தது. கிருமி உடம்பில் ஒளிந்திருந்து, எலும்பு மஜ்ஜை வரைக்கும் கெடுத்துவிட்டது. ஒன்பது நாள் போராடினாள்.

நாய் குணமானதற்கு அடையாளம் அது வாலாட்டுவது என்று நினைக்காதீர்கள். 28 நாளும் கொடுத்து, இரத்தத்தை மறுபடி பார்த்து, மருத்துவர் போதும் என்று சொன்ன பிறகே நிறுத்துங்கள்.

இன்னொன்று. நாம் எல்லோரும் மாத்திரையைத் தயிர்சாதத்தில் வைத்துத்தான் உருட்டிக் கொடுப்போம். டாக்சிசைக்ளினுக்கு அது சரிவராது. பால், தயிரில் உள்ள சுண்ணாம்புச் சத்து மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். வெறும் சோற்றிலோ வேகவைத்த கோழிக்கறியிலோ வைத்துக் கொடுங்கள். கொடுத்த பின் தண்ணீர் குடிக்க வையுங்கள். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகிவிடும்.

உண்ணிக் காய்ச்சல் என்றாலே இந்த மாத்திரைதான் என்று நினைத்து, பழைய மருந்துச் சீட்டைக் காட்டி வாங்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதே உண்ணி பபேசியா என்ற வேறொரு கிருமியையும் கொண்டுவரும். அது சிவப்பணுக்களை உடைப்பது. சிறுநீர் காபி நிறத்தில் போகும். அதற்கு மருந்தே வேறு. இரத்தம் பார்க்காமல் எதையும் தொடங்காதீர்கள்.

நம் காய்ச்சல் மாத்திரையை நாய்க்குக் கொடுப்பது

கொடுக்காதீர்கள். பாரசிட்டமாலும் கூடாது, இபுபுரூஃபெனும் கூடாது.

பிரியாணி மிச்சம்

வெந்த எலும்பு கூர்கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம் சிவப்பணுக்களை அழிக்கும். பாயசத்தில் மிதக்கிற உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

முப்பத்தைந்து நாள் குட்டி

"சின்னதாக இருந்தால்தான் நம்மோடு ஒட்டும்" என்று விற்பவர் சொல்வார். நம்பாதீர்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த மத்திய அரசு விதிகளே சொல்கின்றன. கடிக்கும்போது எவ்வளவு அழுத்தலாம், எப்போது விட வேண்டும் என்பதைக் குட்டி கூடப்பிறந்தவற்றோடு புரண்டு விளையாடித்தான் கற்கிறது. அந்தப் பாடத்தை நாம் சொல்லிக்கொடுக்க முடியாது.

வாங்கிவந்த மறுவாரமே முதல் ஊசியைப் போட்டுவிட்டு, தெருவில் இறக்கி நடக்கவிடுகிறார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் உடம்பில் இருக்கும்வரை ஊசி முழுமையாகப் பிடிக்காது. அதனால்தான் 16 வாரம் வரைக்கும் தவணை தவணையாகப் போடச் சொல்கிறார்கள். அதற்குள் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் இரத்தமாகப் பேதி போய், சில நாளில் குட்டி கையை விட்டுப் போய்விடும். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். பார்வோவில் ஒரு குட்டி இறந்த வீட்டைப் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டு அடுத்த குட்டியைக் கொண்டுவருவதும் தவறு. பினாயிலுக்கு அது மசியாது. ஹைப்போகுளோரைட் கலந்த பிளீச் கரைசல் வேண்டும்.

அதற்காகக் குட்டியை நான்கு மாதம் அறையில் பூட்டி வைக்காதீர்கள். தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெரு, பஸ் சத்தம், குடை பிடித்தவர், பள்ளிப் பிள்ளைகள் எல்லாவற்றையும் காட்டுங்கள். தரையில் இறக்காமல் இருந்தால் போதும்.

வெயிலில் நடை

கத்திரி வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். கிளம்புமுன் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

"குட்டிதானே கீறியது"

என் சித்தி மகன் வீட்டில் நடந்தது. தெருவில் கிடந்த இரண்டு மாதக் குட்டியைத் தூக்கி வந்தார்கள். அது விளையாட்டாகப் பையனின் புறங்கையில் பல் பதித்துவிட்டது. இரத்தம் ஒரு பொட்டு. "குட்டிக்கு ஏது வெறி" என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டார்கள். மறுநாள் மாலை எனக்குத் தெரிந்தபோது தலையில் இடி விழுந்தது போல் இருந்தது. குட்டிக்கும் ரேபிஸ் வரும். அறிகுறி தொடங்கிய பிறகு அதற்கு வைத்தியமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பையனைக் கையோடு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் முதல் ஊசியைப் போட்டோம். எல்லாத் தவணையும் போட்டாயிற்று, நன்றாக இருக்கிறான்.

மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் காயத்தில் வைக்காதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பிறகு நேரே மருத்துவமனை. நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.