இங்கிலாந்தில் வாடகைக்கு அரச உதவி: யூனிவர்சல் கிரெடிட்டில் விண்ணப்பிப்பது எப்படி?

வேலை செய்யும் வயதில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு வாடகை உதவி என்று தனி விண்ணப்பம் இப்போது இங்கிலாந்தில் இல்லை. குறைந்த வருமானக்காரருக்கு அரசு மாதாமாதம் தரும் யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அதற்குள்ளேயே வாடகைப் பகுதியும் வரும். கணவன் மனைவி இருவரும் ஓய்வூதிய வயதைக் கடந்திருந்தால் கவுன்சிலிடம் (உள்ளூராட்சி மன்றம்) ஹவுசிங் பெனிபிட் என்ற வாடகை உதவியைக் கேட்க வேண்டும். ஒருவர் மட்டும் கடந்திருந்தால் பொதுவாக யூனிவர்சல் கிரெடிட்தான். வேலைக்குப் போகிறவர்களும் கேட்கலாம். சம்பளம் கூடக் கூட உதவி பவுணுக்கு 55 பென்ஸ் வீதம் குறையுமே தவிர, ஒரேயடியாக நின்றுவிடாது.

முதலில் விசாவைப் பாருங்கள்

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகக் கூடாது. மாணவர் விசா, வேலை விசா, துணைவர் விசா ஆகியவற்றில் பொதுவாக "பொது நிதி பெற முடியாது", அதாவது இப்படியான அரச உதவிப் பணம் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். அந்த நிபந்தனையோடு விண்ணப்பித்தால், பிறகு விசா நீட்டிப்பிலேயே சிக்கல் வரலாம். பிரித்தானியக் குடியுரிமை, நிரந்தர வதிவிட உரிமை, அகதி அந்தஸ்து, மனிதாபிமானப் பாதுகாப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தால் விண்ணப்பிக்கலாம். அகதி வழக்கு இன்னும் முடியாதவர்கள் இதைக் கேட்க முடியாது. அவர்களுக்கான உதவி உள்துறை அமைச்சினூடாக வருகிறது.

ஊரில் இருந்து பெற்றோரைப் பொறுப்பெடுத்து அழைத்தவர்கள் கவனிக்க: செலவை நாங்களே பார்ப்போம் என்று பிள்ளைகள் கையெழுத்திட்ட பொறுப்புறுதியில் வந்த பெற்றோருக்கு நிரந்தர வதிவிடம் இருந்தாலும், முதல் 5 வருடங்களுக்கு இந்த உதவி பொதுவாகக் கிடையாது. துணைவர்களில் ஒருவருக்கு உரிமை உண்டு, மற்றவருக்கு இல்லை என்றால், விண்ணப்பிக்கும் முன் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

சேமிப்பும் வாடகை உச்சவரம்பும்

கணவன் மனைவி சேமிப்பு இரண்டும் சேர்த்து 16,000 பவுணுக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. 6,000க்குள் இருந்தால் கழிவு இல்லை. இடையில் இருந்தால் ஒவ்வொரு 250 பவுணுக்கும் மாதம் 4.35 பவுண் கழிப்பார்கள். 7,000 பவுண் வைத்திருந்தால் மாதம் 17.40 பவுண் குறையும். இலங்கையிலோ இந்தியாவிலோ வங்கியில் இருக்கும் பணமும் சேமிப்புதான். அதை மறைத்தால் பின்னால் கொடுத்ததையெல்லாம் திருப்பிக் கேட்பார்கள்.

தனியார் வீடுகளுக்கு நீங்கள் கொடுக்கும் வாடகை முழுவதையும் அரசு ஏற்காது. லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் என்ற எல்லை உண்டு. அது ஒவ்வொரு பகுதியின் வாடகைகளைப் பார்த்து நிர்ணயிக்கப்படுகிறது. 2024 ஏப்ரலில் வைத்த தொகை 2025-26லும் கூட்டப்படவில்லை. வாடகை 1,400, எல்லை 1,200 என்றால் மீதி 200ஐ நீங்கள்தான் பார்க்க வேண்டும். வீடு எடுக்கும் முன்பே அரச இணையத்தளத்தில் அந்த வீட்டின் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள்.

அறைக் கணக்கும் அவர்களுடையதுதான். 16 வயதுக்குக் கீழ் ஒரே பாலினப் பிள்ளைகள் இருவருக்கு ஒரு அறை. 10 வயதுக்குக் கீழ் என்றால் ஆணும் பெண்ணுமாக இருந்தாலும் இருவருக்கு ஒரு அறைதான். மகனுக்கு 9, மகளுக்கு 7 என்றால் தம்பதிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என இரண்டு அறை. மகனுக்கு 10 வயது ஆனதும் மூன்று. 35 வயதுக்குக் கீழ் தனியாக, பிள்ளை இல்லாமல் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பகிர்வு வீட்டில் ஒரு அறைக்கான தொகை மட்டுமே.

வாடகைக்கான ஆதாரம்

விண்ணப்பங்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். நம்மவர்கள் பலர் தெரிந்தவர் வீட்டில், வாய்ப்பேச்சில், கைக்காசாக வாடகை கொடுக்கிறார்கள். அதிகாரி கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. தேவைப்படுபவை: உங்கள் பெயர், வீட்டு விலாசம், வாடகைத் தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது, தொடங்கிய திகதி, வீட்டுக்காரரின் பெயரும் கையெழுத்தும் உள்ள ஒப்பந்தம், கூடவே வாடகை கட்டியதைக் காட்டும் வங்கிக் கணக்கு விபரம். இன்றிலிருந்தே வாடகையை வங்கி மூலம் கட்டத் தொடங்குங்கள்.

உறவினரிடம் வாடகைக்கு இருப்பது தானாகவே பிழை அல்ல. ஆனால் பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவினர் அதே வீட்டில் உங்களோடு வசித்து, அவருக்கே நீங்கள் வாடகை கொடுத்தால் உதவி கிடையாது. தனி வீடாக இருந்தாலும், பணம் வாங்குவதற்காக எழுதிய போலி ஒப்பந்தமா என்று பார்ப்பார்கள்.

இரண்டு குடும்பங்களின் பெயரும் ஒரே ஒப்பந்தத்தில் இருந்தால் உதவி பொதுவாக உங்கள் பங்கு வாடகைக்கு மட்டும்தான்.

விண்ணப்பம்

அரச இணையத்தளத்தில் கணக்குத் திறக்க ஒரு மின்னஞ்சலும் போன் இலக்கமும் வேண்டும். தம்பதி என்றால் இருவரும் தனித்தனியாகக் கணக்குத் திறந்து, முதலாமவருக்கு வரும் இணைப்புக் குறியீட்டை மற்றவர் போட வேண்டும். இருவரும் முடித்தால்தான் விண்ணப்பம் முழுமையாகும். தேசிய காப்புறுதி இலக்கம், வங்கிக் கணக்கு, சம்பளம், சேமிப்பு, பிள்ளைகளின் பிறந்த திகதி, பராமரிப்புச் செலவு ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். விசா விபரத்தை இப்போது ஒன்லைன் கணக்கில்தான் காட்ட வேண்டும்; பழைய பிளாஸ்டிக் அட்டையை நம்பி இருக்காதீர்கள்.

கணக்குத் திறந்து 28 நாட்களுக்குள் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். ஆனால் உதவி கணக்கிடப்படுவது அனுப்பிய நாளிலிருந்துதான். ஆகவே ஏதாவது கடிதம் வரட்டும் என்று காத்திருக்காமல் அனுப்புங்கள், ஆதாரத்தைப் பிறகு கொடுக்கலாம். முந்தைய காலத்துக்குப் பணம் கிடைப்பது அரிது, அதுவும் அதிகபட்சம் ஒரு மாதத்துக்கு மட்டும்.

வாராந்த வாடகையை நான்கால் பெருக்கி மாத வாடகையாகப் போடாதீர்கள். வாரம் 300 பவுண் என்றால் 52ஆல் பெருக்கி 12ஆல் பிரிக்க 1,300 வரும். நான்கால் பெருக்கினால் 1,200. மாதம் 100 பவுண் அதிலேயே போய்விடும். படிவத்தில் வாராந்தம் என்று தெரிவுசெய்து 300 என்றே போடுங்கள், கணக்கை அவர்கள் பார்ப்பார்கள்.

ஒன்லைன் முடியாதவர்கள் 0800 328 5644க்கு அழைக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், கட்டணம் இல்லை. பத்து வயதுப் பிள்ளையை இதற்குள் இழுக்க வேண்டியதில்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் இலவச உதவி எண் இங்கிலாந்தில் 0800 144 8444.

அனுப்பிய பிறகு

கணக்கில் ஜேர்னல் என்ற பகுதியைத் தினமும் பாருங்கள். ஜொப் சென்டர் (அரச வேலைவாய்ப்பு அலுவலகம்) சந்திப்பு, ஆதாரம் கேட்கும் செய்தி எல்லாம் அங்கேதான் வரும். உதவி பெற நீங்கள் செய்ய வேண்டியவை எழுதிய கிளெய்மன்ட் கமிட்மென்ட் என்ற உறுதிமொழியை ஏற்காவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். வாடகைப் பகுதி சேர்ந்திருக்கிறதா என்று முதல் கொடுப்பனவு விபரத்திலேயே பாருங்கள்.

முதல் பணம் வர ஏறக்குறைய 5 வாரம் ஆகும். 10ஆம் திகதி விண்ணப்பித்தால் மறுமாதம் 9ஆம் திகதி வரை ஒரு கணக்குக் காலம். பணம் 16ஆம் திகதியளவில் வரும். இடையில் முடியாவிட்டால் முற்பணம் கேட்கலாம். அது கடன், பொதுவாக 24 மாதத்துக்குள் மாதாமாதம் கழித்துக்கொள்வார்கள். வாடகைப் பகுதி உங்கள் வங்கிக் கணக்கிற்கே வரும், வீட்டுக்காரருக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும். வாடகை இரண்டு மாதம் நிலுவையாகிவிட்டால் நேரடியாக வீட்டுக்காரருக்கு அனுப்பும்படி கேட்கலாம்.

கவுன்சில் டக்ஸ் (வீட்டுக்காகக் கவுன்சிலுக்குக் கட்டும் வரி) தள்ளுபடி இதில் சேராது. அதற்கு அதே நாளில் கவுன்சிலுக்குத் தனியாக விண்ணப்பியுங்கள்.

வாடகை கூடினால் அந்தக் கணக்குக் காலம் முடிவதற்குள் ஜேர்னலில் அறிவிக்க வேண்டும்; பிந்தினால் அந்த மாதத்தின் கூடுதல் தொகை போய்விடும். முடிவு பிழை என்று பட்டால் ஒரு மாதத்துக்குள் மீளாய்வு கேளுங்கள். ஜேர்னலிலேயே "மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன்" என்று எழுதி, எந்தத் தொகை, எந்தத் திகதி, ஏன் பிழை என்பதைச் சொல்லி ஆதாரத்தை இணையுங்கள். அதுவும் சரிவராவிட்டால் அந்த முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு இலவசமாக மேன்முறையீடு செய்யலாம்.