ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் இடிக்கும்

என் போலோ ஜிடி காரில் 35 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்கைக் கம்பெனி ஷாக் அப்சார்பரோடு (ஷாக்) மாட்டியதுதான் தப்பு. ஷாக் அமுங்க இடமில்லாமல் ஒவ்வொரு வேகத்தடையிலும் பம்ப் ஸ்டாப்பில், அதாவது ஷாக் முழுக்க அமுங்காமல் தடுக்கும் கட்டையில், இடித்தது. மேடுபள்ள வளைவில் அப்படி இடித்தால் டயர் பிடி சட்டென்று விடும்.

பில்ஸ்டீன் பிராண்டு ஷாக்கில் தாழ்த்திய காருக்கு பி8, கம்பெனி உயரத்துக்கு பி6. தினசரி ஓட்டத்துக்குப் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டு பி6 மாட்டினேன். காயிலோவர் (மரையைத் திருகி உயரம் மாற்றும் ஸ்பிரிங்-ஷாக் செட்) வேண்டாம், சேறும் தூசியும் சேர்ந்தால் மரை இறுகிவிடும்.

கூடவே டாப் மவுண்ட் (ஷாக்கின் மேல்முனையைப் பாடியோடு பிடிக்கும் பாகம்), பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் புதிது. பழைய மவுண்டை வைத்தால் 'டக் டக்' சத்தம் போகாது. ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட்டுகளை, வண்டி எடை சக்கரத்தில் இறங்கியபின்தான் கடைசியாக முறுக்கினேன். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பிறகு வீல் அலைன்மென்ட், கட்டாயம்.